ஏழு மணிக் குற்றவாளி

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் ஒரு சிறு கதை வெளிவந்தது. செய்தியாகவே அது அச்சேறியதெனினும், கதை என்ற சொல்லை இவ்விடத்து வேண்டுமென்றே கையாளுகின்றேன். தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு ஆகிய அங்கங்கள் யாவும் அதில் குறைவறப் பொருந்தியிருந்தன. ஆதலின் கதையை ஆராயும் முறையிலேயே அதனையும் ஆராய்தல் தகும்.

வேல்ஸ் நாட்டின் போவிஸ் பகுதியிலே அபர்ஹோசன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்வோர் சுமார் 400 பேர் என்று செய்தி கூறிற்று. பதினெட்டு மாதங்களாக, காலை 7 மணியானதும் அவ்வூர் வீடுகளின் இணைய இணைப்புத் தளர்ந்தது. அல்லது முற்றாக அறுந்தது. இணைப்புக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் ஊழியர்கள் பலமுறை வந்து சோதித்தனர். கம்பியின் பெரும் பகுதிகளைப் புதிதாக மாற்றியும் பார்த்தனர். பயனில்லை. இறுதியில் வெளியிடத்திலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. மின் இரைச்சலை அளந்து காட்டும் கருவியைக் கையிலேந்தி, கொட்டும் மழையில், காலை 6 மணிக்கே ஊரைச் சுற்றி நடந்தது. ஏழு மணி அடித்தது, கருவி துடித்தது. இரைச்சல் எழுந்த வீட்டைத் தேடிச் சென்றபோது அங்கே ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் நாள்தோறும் 7 மணிக்கு அதனை இயக்குவது வழக்கம். உண்மை தெரிந்ததும் அவர் நாணிக் குறுகினார் என்றும், இனி அதனை இயக்குவதில்லை என உடனே ஒப்புக்கொண்டார் என்றும் செய்தி முடிவுற்றது. அதன்பின் ஊரில் இணைப்புத் தடைப்படவில்லையாம்.

இக்கதையைப் படித்துச் சிரியாதவர் இலர். இங்கிலாந்து உலகுக்கு அளித்த துப்பறியும் கதையின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கின்றது. ஒதுங்கிய கிராமம், குறித்த நேரத்தில் நிகழும் குற்றம், உள்ளூர்க்காரரின் தோல்வி, வெளியூர் நிபுணரின் வருகை, மழை, பின்னர் குற்றவாளியின் ஒப்புதல். அவ்வகைக் கதைகள் வாசகனுக்கு அளிக்கும் இன்பம் எத்தகையது? குற்றம் ஓர் ஆளிடத்தே குடிகொண்டுள்ளது; அவ்வாளை நீக்கிவிட்டால் உலகம் மீண்டும் ஒழுங்காகிவிடும் என்ற ஆறுதலே அது. மாளிகையின் சொந்தக்காரர் அம்மாளிகையை எவ்வாறு பெற்றார் என்ற கேள்வி அக்கதைகளில் எழுவதில்லை. அபர்ஹோசன் கதையிலும் அதற்கொத்த கேள்வியொன்று எழாமற் போயிற்று.

கதை சொல்பவர் யார் என்பதை முதலிற் கவனிக்க வேண்டும். பத்திரிகைகளுக்குச் செய்தி கிடைத்த ஊற்று கம்பிகளின் உரிமையாளரான நிறுவனமே. பேசுவோர் அதன் பொறியியலாளரும் அதிகாரிகளும். ஊராரின் பதினெட்டு மாத அல்லல் கதைக்குப் பாயிரமாகச் சுருங்கிவிட்டது. வீட்டுக்காரரின் பெயரை வெளியிடாதது நன்றே. ஆயின் அவருக்குக் குரலும் இல்லை. அவருடைய நாணத்தைக்கூடப் பிறர்தான் நமக்கு எடுத்துரைக்கின்றனர்.

பெட்டி குற்றமற்றது என நான் வாதிடவில்லை. அது மின் இரைச்சலை எழுப்பியது மெய். ஒரு வீட்டுப் பெட்டியால் ஓர் ஊரின் இணைப்பையே வீழ்த்த முடிந்தது எவ்வாறு என்பதே கேள்வி. ஊருக்குச் செல்லும் செப்புக் கம்பிச் சோடிகள் மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்கென இடப்பட்டவை. தொலைபேசிக் குரலுக்கு வினாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் அதிர்வுகள் போதும். அதே கம்பியின் மீது பின்னாளில் வினாடிக்கு இலட்சக்கணக்கான அதிர்வுகளையுடைய இணையச் சமிக்ஞைகள் ஏற்றப்பட்டன. அந்த அதிர்வெண்களில் நீண்ட செப்புக் கம்பி வானொலியின் ஏரியல் போலாகிவிடும். அயலில் எழும் மின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூடச் சமிக்ஞையும் நலிந்துகொண்டே போகும். ஆகவே நகரத்தில் சிறு தடுமாற்றத்தோடு தீர்ந்துவிடும் இரைச்சல் மலையடிவார ஊரில் இணைப்பையே அறுத்துவிடுகின்றது. கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. மின் இரைச்சல் அதனைத் தீண்டாது. ஒளியிழை வீடு வரை வந்த ஊரொன்றில் அப்பெட்டி காலை முதல் இரவு வரை இயங்கியிருந்தாலும் அயலாரின் இணைப்புக்கு எத்தீங்கும் நேர்ந்திராது. அவ்வூருக்கு ஒளியிழை விரைவில் வரவிருப்பதாக அதே செய்தியின் பிற்பகுதியில் நிறுவனமே தெரிவித்திருந்தது. தலைப்புக்களில் இடம்பெற்றதோ பெட்டி.

நம் சைவ சித்தாந்திகள் குடத்துக்கு மூன்று காரணங்கள் கூறுவர். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன். அவர்கள் இதனைக் கொண்டு நிலைநாட்ட முயன்றது வேறொன்று. எனினும் தருக்கம் நமக்கும் பயன்படும். அபர்ஹோசனில் செப்புக் கம்பி முதற்காரணம். பழைய பெட்டி துணைக்காரணம். செய்தியாளர் துணைக்காரணத்தைப் பிடித்து ஊர்வலம் விட்டனர். குயவனைத் தேடவில்லை.

குயவனைத் தேடின் வரலாற்றுக்குட் செல்ல வேண்டும். கண்ணாடி இழையினூடாக ஒளியைச் செலுத்தித் தொலைத் தொடர்பு நடத்தலாம் என்பதை 1966இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் எடுத்துக் காட்டினர். அவ்வாய்வு நிகழ்ந்தது இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலேயே. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவு பிறந்த நாட்டிலேயே ஒரு கிராமம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் செப்புக் கம்பியை நம்பியிருந்ததற்கு அறிவுப் பஞ்சத்தைக் காரணமாகக் கூறவியலாது. பிரித்தானியாவின் தொலைபேசிச் சேவை 1912இல் பெரும்பாலும் அரசின் தபால் இலாகாவின் கீழ் வந்தது. 1981இல் தபாலிலிருந்து பிரிக்கப்பட்டது. 1984இல் தட்சர் அரசு அதன் பங்குகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றைச் சந்தையில் விற்றது. அதன்பின் எவ்வூருக்குப் புதுக் கம்பி போகவேண்டும் என்பதை முதலின் வருவாய் தீர்மானிக்கலாயிற்று. வீடுகள் நெருங்கிய தெரு இலாபம். குன்றுகளுக்கிடையே சிதறிய பண்ணைகள் நட்டம். நட்டத்தை ஈடுசெய்ய மீண்டும் பொதுப் பணமே வேண்டியிருந்தது. சூப்பர்ஃபாஸ்ட் கம்ரி என்ற திட்டத்தின் கீழ் வேல்ஸ் அரசினதும் ஐரோப்பிய ஒன்றியத்தினதும் பணத்தைப் பெற்று அதே நிறுவனம் வேலை செய்தது. அதனாற் பல ஊர்கள் பயன் பெற்றன என்பதை மறுப்பது நேர்மையன்று. விடுபட்ட ஊர்களும் இருந்தன.

2020 மார்ச் 20ஐ இங்கு நினைவுகூர வேண்டும். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பைக் கோரும் சட்டவுரிமை பிரித்தானிய மக்களுக்கு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இணைப்பதற்கான செலவு 3,400 பவுணைத் தாண்டின் மிகுதியைக் கேட்பவரே செலுத்தல் வேண்டும். தூரத்து ஊர்களிலேதான் செலவு தாண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொவிட் நோய் காரணமாக வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மாணவருக்கு மூடப்பட்டதும் அதே நாளிலாகும். பாடம் வீட்டுக்குள் வந்த ஆண்டின் செய்தியை நகைச்சுவையாகப் படித்தோம் என்பதை ஆசிரியர்களாவது எண்ணிப் பார்க்கலாம்.

நிறுவனம் அச்செய்தியோடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. மின்சாரத்தில் இயங்கும் எப்பொருளும், வெளிவிளக்கு முதல் மைக்ரோவேவ் அடுப்பு வரை, இணைப்பைப் பாதிக்கலாமாம். தொழில்நுட்ப அளவில் இது சரியே. ஆயினும் அதன் தொனியைக் கேளுங்கள்: கம்பியின் நலிவு இயற்கை நியதியாகிவிட்டது, அதற்கேற்ப அடுப்பையும் விளக்கையும் திருத்திக்கொள்வது குடியானவர் கடமையாகிவிட்டது.

வேல்ஸ் எல்லையோரக் கிராமமொன்றில் 1921இல் புகையிரதச் சமிக்ஞைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ரேமண்ட் வில்லியம்ஸ் இக்கதையைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? நாட்டுப்புறத்தையும் நகரத்தையும் பற்றி 1973இல் அவர் எழுதிய நூல், கிராமத்தை அழகிய காட்சியாக வரையும் இலக்கியம் அங்குள்ள உழைப்பையும் உடைமையையும் எவ்வாறு மறைக்கின்றது எனக் காட்டியது. 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில், கருவி தானாகவே சமுதாயத்தை ஆட்டிப்படைக்கின்றது என்ற கொள்கையை அவர் மறுத்தார். அபர்ஹோசன் செய்தியில் இவ்விரு மயக்கங்களும் கைகோத்து வருகின்றன. கிராமம் ஒரு வேடிக்கைக் காட்சி. கருவி ஒரு தனி வில்லன்.

வேறுவிதமாக நடக்கக்கூடியதாக இருந்ததா எனின், இருந்தது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் நாட்டுப்புறத்தில் 2011இல் ஊரார் கூடி ‘பார்ன்’ எனச் சுருக்கமாக வழங்கும் சங்கமொன்றை நிறுவினர். பங்குப் பணம் திரட்டினர். விவசாயிகள் தம் நிலத்தினூடாக வழியை இலவசமாகக் கொடுத்தனர். தாமே பள்ளம் வெட்டி ஒளியிழை பதித்தனர். வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் பண்ணை வீடுகளுக்கு வந்தது. இதனை வியக்காமலிருக்க முடியாது. ஆயினும் கூட்டுறவின் புகழ்பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நிலமும் உழவு இயந்திரமும் சேமிப்பும் ஓய்வு நேரமும் உள்ள ஊரிலேதான் இது எளிதிற் கைகூடும். கூலிக்காரரும் முதியோரும் மிகுந்த ஊரில் பள்ளம் வெட்டுவோர் யார்? அவர்களுக்குப் பள்ளம் வெட்டுவதற்கென்றே ஒரு பொதுச்சேவை இருந்தது. அது 1984இல் விற்கப்பட்டது.