ஃபாபரின் கரம்பு நிலம்

புகழ்பெற்ற நூல்களுக்கு ஓர் இடர் உண்டு. அவற்றிலிருந்து இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் பிரிந்து வந்து வாய்மொழியாய்ப் பரவிவிடும். பின்னர் அந்த நிகழ்ச்சிகளே நூல் என்று கருதப்படும். பிரெஞ்சு அறிஞர் ஷான் ஆன்ரி ஃபாபர் (1823-1915) எழுதிய 'பூச்சியியல் நினைவுகள்' என்னும் பத்துத் தொகுதிகளுக்கும் இக்கதியே நேர்ந்துள்ளது. பூந்தொட்டியின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வந்த கம்பளிப்புழுக்கள், நாற்பது முறை ஏமாற்றியும் பாடம் கற்காத குளவி, வேட்டோசைக்கும் அசையாத சிள்வண்டு ஆகிய மூன்றையும் மேடைப் பேச்சாளர் பலர் எடுத்தாள்வர். பூச்சி என்பது முடுக்கிவிட்ட பொறியே என நிறுவியவர் ஃபாபர் என்பது அவர்தம் முடிபு. நூலை நிரலே படிப்போர்க்கு வேறொரு ஃபாபர் தோன்றுவார். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

இந்நூலின் உண்மையான தலைமை மாந்தர் ஒரு நிலப்பகுதிதான். தென்கிழக்குப் பிரான்சில், ரோன் ஆற்றின் கீழைப் புறத்தே, வொக்ளூஸ் மாவட்டத்துச் செரிஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு ஹெக்டர் நிலத்தை 1879ஆம் ஆண்டு அவர் விலைக்கு வாங்கினார். ஊரார் அத்தகைய நிலத்தை 'அர்மாஸ்' என்பர். கல் மண்டி, உழுதால் கூலிக்கும் கட்டாது எனக் கைவிடப்பட்டு, தைம் செடிக்கு உரிமையாகிப்போன நிலம் என்பது பொருள். தரிசு என்பதைக் காட்டிலும் கரம்பு என்னும் நம் சொல் இதற்கு நெருங்கி வரும். முன்னர் அங்குக் கொடிமுந்திரி பயிரிட்டிருந்தனர். நிலத்தைக் கொத்தியபோது தைமும் லாவண்டரும் முள்ளிலைக் குற்று ஓக்கும் வேரோடு போயின. தேனீக்கும் குளவிக்கும் அவையே வேண்டும் என்று, போனவற்றை மீண்டும் கொண்டுவந்து நட வேண்டியதாயிற்று என அவர் வருந்துகிறார். பயன்மரம் நட்டோரைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். களையை நட்ட கதையை எழுதியவர் இவர் ஒருவரே போலும்!

அதன்பின் முட்செடிகள் தாமே வந்து படர்ந்தன. அவற்றின் பூவை நாடி வந்த தேனீ வகைகளை, எது பஞ்சு திரட்டுவது, எது இலை வெட்டுவது, எது சாந்து குழைப்பது என்று தொழில்வாரியாக அவர் அறிமுகம் செய்யும் பக்கங்களில் ஓர் ஊர்த் தெருவின் ஆரவாரம் கேட்கிறது. மதில் கட்ட வந்த கொத்தர் விட்டுச்சென்ற கற்குவியலும் மணற்குவியலும்கூட வீணாகவில்லை. கல்லிடுக்கில் தேனீக்களும் மணலில் குளவிகளும் குடியேறின. செடியின்றிப் பூச்சியில்லை, மண்ணின்றிச் செடியில்லை என்பதைக் கோட்பாடாகச் சொல்லாமல் குடியேற்றக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்.

ஃபாபர் பூச்சிக்கு வருமுன் செடியின்பால் பற்றுக்கொண்டவர் என்பதை மறத்தலாகாது. அவிஞோனில் வாழ்ந்த ஆங்கில மெய்யியலறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் அவரும் செடி தேடி ஒன்றாய் அலைந்தவர்கள். வொக்ளூஸ் மாவட்டச் செடிகொடிகளைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு நூல் செய்யவும் எண்ணியிருந்தனர். 1873இல் மில் மறைந்ததால் அது நிறைவேறவில்லை. ஃபாபர் ஆசிரியப் பணியை இழந்து வறுமையுற்றபோது 3000 பிராங்க் கொடுத்து உதவியவரும் மில்லே. அப்பணி போனதற்குக் காரணமும் ஒரு வகையில் பூவே. மாலை வகுப்பில் பெண்களுக்கு மகரந்தச் சேர்க்கையை விளக்கினார் என்று அவிஞோனில் எதிர்ப்புக் கிளம்பியது.

இச்செடிப் பற்றின் பெரும் பயனை முதல் தொகுதியில் வரும் வாந்து மலை ஏற்றத்தில் காணலாம். ஏறக்குறைய 1900 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் 1865 ஆகஸ்டில் தாம் ஏறியது இருபத்து மூன்றாம் முறை என்கிறார். அடிவாரத்தில் ஒலிவ மரமும் தைமும். மேலே போகப் போக ஓக்கு, பின்னர் பீச் மரங்கள். உச்சியின் கற்பரப்பில், வடதுருவத்தை அடுத்த நாடுகளில் வளரும் கசகசா இனப் பூச்செடி. அரை நாள் நடையில் தென்னாட்டிலிருந்து பனிநாடுவரை போய்வந்த உணர்ச்சி நமக்கு ஏற்படுகிறது. குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைச் செடியால் பெயரிட்டுக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இப்பகுதி தனிச் சுவை தரும்.

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். அதன் மணிமுடி அந்துப்பூச்சிகளைப் பற்றிய ஏழாம் தொகுதிப் பகுதி என்பது என் கருத்து. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் பூச்சி ஒன்றைக் கம்பிவலைக்குள் வைத்தார். அன்றிரவே நாற்பது அளவில் ஆண் பூச்சிகள் இருளில் வந்து மொய்த்தன. கண்ணால் கண்டா, வேறெதனாலா? மூடிய பெட்டியில் வைத்தால் எதுவும் வரவில்லை. சிறு இடுக்கு இருந்தால் வந்தன. வேறோர் இனத்தின் பெண் பூச்சியைக் கண்ணாடிக்குள் எல்லாரும் காண வைத்தார். முன்பு அது அமர்ந்திருந்த கிளையைத் தனியே வைத்தார். ஆண் பூச்சிகள் எதிரே இருந்த பெண்ணை விட்டுக் கிளைக்கே போயின. மாந்தர் மூக்குக்கு எட்டாத ஒரு மணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஜெர்மானிய வேதியியலறிஞர் பூட்டெனான்ட், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அத்தகைய மணப்பொருள் ஒன்றைப் பிரித்து அறிவித்தது 1959இல். ஃபாபரிடம் இருந்தவையோ கம்பிவலையும் கண்ணாடிக் கவிப்பும் பொறுமையும் மட்டுமே.

சிள்வண்டுப் பகுதி வேறு வகையானது. பாடிக் களித்த பூச்சி குளிர்காலத்தில் எறும்பிடம் இரந்து நின்றதாக லா ஃபொந்தேன் 1668இல் வெளியிட்ட கதையை ஃபாபர் சினந்து மறுக்கிறார். குளிர்காலத்தில் அங்கே சிள்வண்டே இல்லை. தானியம் அதன் உணவுமன்று. கோடை வெயிலில் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு பருகும் சிள்வண்டை நெருக்கித் தள்ளி, அச்சாற்றைப் பறிப்பது எறும்பே என்று தாம் கண்டதை உரைக்கிறார். நம் பாடநூல்களில் இக்கதை ஆங்கில வழியாய் வந்ததால் சிள்வண்டு வெட்டுக்கிளியாகி 'எறும்பும் வெட்டுக்கிளியும்' என வழங்குகிறது. உழைப்பின் உயர்வு கூற வந்த கதை ஓர் அப்பாவிப் பூச்சியின்மேல் பழி சுமத்தியதை ஃபாபரைப் படித்த ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

வேட்டுச் செய்தியும் அங்கேதான் வருகிறது. ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் இரண்டு வேட்டுக்குழாய்களைக் கொண்டுவந்து தம் வீட்டு வாயிலில் உள்ள பிளேன் மரங்களின் கீழ் வெடிக்கச் செய்தார். மேலே பாட்டு நிற்கவில்லை. ஆகவே சிள்வண்டு செவிடு என அவர் முடிவு கட்டியதாகப் பலர் எழுதுவர். அவரோ அவ்வளவு துணியவில்லை; காது மந்தம் என்று யாரேனும் சொன்னால் மறுக்க வழியில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். சிள்வண்டின் வயிற்றடியில் செவிப்பறைகள் உள்ளன என்பதும், அவை தன் இனத்துப் பாட்டின் ஒலிக்கு ஏற்ப அமைந்தவை என்பதும் இன்று தெளிவு. சான்றுக்கு மிஞ்சிப் பேசாத அந்தத் தயக்கமே அவரைக் காப்பாற்றியது. எடுத்தாண்டவர்கள்தாம் தயக்கத்தைக் களைந்தெறிந்தனர்.

குளவியின் செய்தியிலும் இதுவே நடந்தது. சுவர்க்கோழியை வேட்டையாடி வளைவாயிலில் வைத்துவிட்டு, உள்ளே பார்த்துவரச் செல்லும் குளவி. அதற்குள் ஃபாபர் இரையைச் சற்றே தள்ளி வைப்பார். அது மீண்டும் வாயிலுக்கு இழுத்துவந்து, மீண்டும் உள்ளே போய்ப் பார்க்கும். நாற்பது முறையும் இவ்வாறே. இதனை எல்லாரும் அறிவர். வேறோர் இடத்துக் குளவிக் கூட்டத்தில் இச்சோதனையையே செய்தபோது, இரண்டு மூன்று முறைக்குப்பின் அக்குளவிகள் உள்ளே போய்ப் பாராமல் இரையை நேரே இழுத்துச் சென்றன என்று அவரே எழுதியிருப்பதை எத்தனை பேர் அறிவர்? ஊருக்கு ஊர் அறிவு வேறுபடும் போலும் என வியந்தும் இருக்கிறார்.

இங்கேதான் ஃபாபரின் குறையும் வெளிப்படுகிறது. உயிரினங்கள் படிப்படியாய் மாறிவந்தன என்னும் டார்வின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு நட்பைக் கெடுக்கவில்லை என்பது வேறு. டார்வின் கடிதம் எழுதிச் சோதனை முறைகூடச் சொல்லித்தந்தார், ஃபாபரும் அதைச் செய்து பார்த்தார். ஆனால் வாதம் என்று வந்தால், தம் குறிப்பேடு சொன்னதை அவர் மறந்துவிடுகிறார். குளவி தன் இரையின் நரம்பு முடிச்சில் தவறாமல் கொட்டி, கொல்லாமல் முடக்குகிறது; ஒரு முறை தவறினாலும் குஞ்சு பிழையாது; எனவே இத்திறன் சிறிது சிறிதாக வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் பெக்கம் இணையர் இதனை ஆராய்ந்து 1898இல் நூல் வெளியிட்டனர். கொட்டும் இடமும் எண்ணிக்கையும் குளவிக்குக் குளவி மாறுவதையும், சில இரைகள் இறந்தேபோவதையும், செத்த இரையைத் தின்றும் குஞ்சுகள் வளர்வதையும் அவர்கள் கண்டனர். மாறுபாடே இல்லை என்ற அடிப்படை இடிந்தால் அதன்மேல் கட்டிய வாதம் நில்லாது. வேறோர் இடத்துக் குளவிகளைக் கண்டு வியந்த ஃபாபர், அந்த வியப்பைச் சற்றே நீட்டியிருந்தால் பெக்கம் இணையர் கண்டதைத் தாமே கண்டிருப்பார்.

நம்மவருள் பெரும்பாலோர் ஃபாபரை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். தெய்ஷெய்ரா தெ மாத்தோஸ் செய்த மொழிபெயர்ப்பு இனிய நடையுடையதே. ஆயினும் குளவிகள் ஒரு நூலாகவும் சிலந்திகள் ஒரு நூலாகவும் தேனீக்கள் ஒரு நூலாகவும் இனம் பிரித்து அதிகாரங்களை மாற்றி அடுக்கிவிட்டனர். பூச்சி கிடைக்கிறது; நிலம் சிதறிப்போகிறது. பிரெஞ்சு மூலத்தில் ஒரு பருவத்தின் வெயிலும் ஒரு செடியின் பூப்பும் ஒரு பூச்சியின் வரவும் பின்னி வருவன, இதில் தனித்தனி இழைகளாய்க் கிடக்கின்றன. எவரேனும் தமிழில் பெயர்க்க முன்வந்தால் இரண்டாம் தொகுதியின் முதல் அதிகாரமாகிய 'அர்மாஸ்' பகுதியிலிருந்து தொடங்கி, ஆசிரியர் வைத்த முறையிலேயே செல்லுதல் நலம். செடிப் பெயர்களுக்கு நம் நாட்டுச் செடிகளை மாற்றீடாக்கும் வழக்கம் இங்கு வேண்டா. தைம் தைமாகவே இருக்கட்டும். அந்த நிலத்தை 1922இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய காளான் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே இன்னொரு கட்டுரையாகிவிடும்.