ஆரோவில்லும் அக்கம்பக்கத்து ஊர்களும்

1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிக்கு வடக்கே ஒரு செம்மண் மேட்டில் சுமார் 5,000 பேர் கூடினார்கள். 124 நாடுகளிலிருந்து வந்த பிடி மண் தாமரை மொட்டு வடிவத் தாழி ஒன்றில் இடப்பட்டது. ஆரோவில் என்ற பன்னாட்டு நகரியம் பிறந்தது. அன்று அந்த மேடு கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் மாவட்டம் பிரிந்தபோதுதான் விழுப்புரத்தோடு போனது. வெளிநாட்டாரும் தமிழ்க் கிராமத்தாரும் தலைமுறைக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து பார்த்த சோதனை, ஆக, தென்னாற்காட்டுக்காரர்களின் சொந்த விஷயம்.

அதே பழைய மாவட்டத்தில், வீராணம் ஏரிக்கரையில் உள்ள லால்பேட்டைக்காரர்களுக்கு இந்தச் சோதனை சற்று விநோதமாகப் படலாம். அந்தக் கரையிலிருந்து வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போனவர்களே அங்கே வெளிநாட்டைத் தங்கள் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். எதை எடுத்துவருவது, எதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்ததும் அவர்களே. ஆரோவில்லில் திசை தலைகீழ். வெளியுலகம் கிராமத்துக்கு வந்தது, நிலத்தை விலைக்கு வாங்கியது, பிறகு கிராமத்தாருக்கு வேலை கொடுத்தது. இந்த வரிசையை மறந்துவிட்டு அங்கே நடந்த பண்பாட்டுப் பரிமாற்றத்தை எடைபோட முடியாது.

நல்லது கொஞ்சமல்ல. வந்தவர்களுக்குக் கிடைத்தது மழைநீர் அறுத்தெடுத்த ஓடைகளும் ஒன்றிரண்டு பனைகளும் நின்ற பொட்டல். வரப்பு உயர்த்தி, ஓடைகளில் தடுப்பணை கட்டி, லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். வரப்பு போட்ட கைகளில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்து ஊர்களின் கைகள். இந்த மண்ணுக்குரிய மரங்கள் எவை என்று தேடியபோது, விதையும் விடையும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் போன்ற சாமிக் காடுகளில் கிடைத்தன. ஊரார் பயபக்தியோடு வெட்டாமல் விட்டுவைத்த துண்டுக் காடுதான், உலர் பசுமைமாறாக் காட்டை மீட்க வந்தவர்களுக்குப் பாடநூல் ஆயிற்று. ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ் 1973-இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டில் மூலிகைகளும் அவற்றைப் பற்றிய நாட்டு வைத்திய அறிவும் சேகரிக்கப்பட்டன. அந்த அனுபவமே சென்னைக்குப் போய், 2011-இல் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்கு உதவியது. இதைப் பரிமாற்றம் என்று தயங்காமல் சொல்லலாம். இரு பக்கமும் கொடுத்தது, இரு பக்கமும் பெற்றது.

வீடு கட்டிய கதை இன்னும் சுவையானது. சத்பிரேம் மைனி என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்தி வார்த்த மண்கல்லை உலகம் முழுவதும் கொண்டுபோனது. உள்ளூர்க் கொத்தனார்கள் அதில் தேர்ந்தார்கள். ஆனால் மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக வளர்ந்த பக்கத்து ஊர்க் குயிலாப்பாளையத்துக்காரர், கையில் நாலு காசு சேர்ந்ததும் காங்கிரீட் மாடிதான் கட்டினார். பாரிசிலிருந்து வந்தவருக்கு மண்வீடு கொள்கை. இவருக்கு அது தப்பித்து வந்த வறுமை. யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வது வீண். வந்தவர் கண்ணுக்கு அழகாகத் தெரிவதையே கிராமத்தின் பண்பாடு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இங்கே அம்பலமாகிறது. பொங்கலன்று வாசல் கோலத்தைப் படம் பிடிக்கும் பயணி, அதே தெரு எங்கே முடிந்து காலனி எங்கே தொடங்குகிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

கல்வியில் கதை வேறு. பக்கத்து ஊரான எடையஞ்சாவடியின் 'உதவி' பள்ளியும், கிராமத்துப் பிள்ளைகளுக்கான இசை அம்பலம் பள்ளியும் பல குடும்பங்களின் முதல் படித்த தலைமுறையை உருவாக்கின. கவிஞர் இரா. மீனாட்சி ஆரோவில்லிலேயே தங்கி, வேலைக்கு வந்த ஊர் இளைஞர்களுக்குக் கல்வி தந்தார். ஒரு பாலத்துக்கு இரு கரையும் தெரிந்தவர் தேவை, அவர் அப்படிப்பட்டவர். 1983 முதல் இயங்கும் கிராமச் செயல் குழுவும் பெண்களை வீட்டைத் தாண்டி ஒன்றுகூட வைத்தது.

குறை எங்கே? சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவே பரிமாற்றத்தின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது. ஊதுபத்தி, கைக்காகிதம், துணி, மண்பாண்டம் என்று கூடங்கள் பெருகின. கிராமத்தார் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சேர்ந்து வேலை செய்த இடத்தில் சினேகம் வந்தது, சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் வரவில்லை. ஆரோவில்லின் நான்கு மொழிகளில் தமிழும் உண்டு. கூட்டம் நடப்பது என்னவோ ஆங்கிலத்தில். சில மாதத் தன்னார்வலர் தமிழ் கற்குமுன் ஊர் திரும்பிவிடுவார். கிராமத்தார்தான் வந்தவர் மொழியைக் கற்கிறார்கள். இதற்கிடையே நிலத்தின் விலை, அங்கேயே பிறந்தவருக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆரோவில்வாசிகளில் இன்று ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியர்கள். அவர்களில் சுற்றுவட்டாரத் தமிழர் கணிசம். கூலி வேலைக்கு வந்தவரின் மகள் அங்கே ஆசிரியையாக இருப்பது அதிசயமல்ல. 'வெள்ளைக்காரர் குடியேற்றம்' என்ற பழைய வசை இவர்களைக் கண்ணில் படாதவர்களாக்கிவிடுகிறது.

2021 டிசம்பரில், நகரத் திட்டத்தில் இருந்த வட்டச் சாலைக்காகக் காட்டுக்குள் புல்டோசர் நுழைந்தபோது வாசிகளும் நிர்வாகமும் மோதிக்கொண்டார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் போய், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நிர்வாகத்துக்குச் சாதகமாக முடிந்தது. மரம் முக்கியமா, நகரத் திட்டம் முக்கியமா என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. எடையஞ்சாவடி என்ன நினைக்கிறது என்பது அந்த வாதத்தின் ஓரத்திலேயே நின்றது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிர்வாகக் குழு, வாசிகள் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு என்று மூன்று அமைப்புகளை வகுத்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கென்று அவற்றில் ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை.