மாலோ ஊதாரிகளும் மதுரை மீனாட்சியும்

முத்துஸ்வாமி தீட்சிதர் என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு நினைவு வருவது கம்பீரமான விளம்ப காலம். யானை நடக்கிற நடை. அந்தத் தீட்சிதரே அயர்லாந்தின் ஊதாரிப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு துள்ளல் மெட்டை எடுத்து, அதில் மீனாட்சி அம்மன் பேரில் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார் என்று சொன்னால், கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு வெட்கம். 'சின்ன வயசு விளையாட்டு, அதை விட்டுவிடலாம்' என்கிறார்கள். மற்றக் கட்சிக்குப் பெருமை. 'வெள்ளைக்காரன் மெட்டையே நம்முடையதாக்கிவிட்டார் பாருங்கள்!' என்கிறார்கள். என்னால் இரண்டிலும் சேர முடியவில்லை.

முதலில் மெட்டின் ஜாதகத்தைப் பார்ப்போம். மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் ஜில்லாவில் உள்ள ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஊற்றுநீர் பிரசித்தம். உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த பணக்காரப் பிள்ளைகள் உடம்பைக் கெடுத்துக்கொண்ட கதைதான் 'மாலோ ஊதாரிகள்' என்ற பாட்டு. ஆனால் 1740களில் லண்டனில் அச்சான நாட்டியப் புத்தகங்களிலேயே இந்த மெட்டு வந்துவிட்டது. 'லண்டன் ஊதாரிகள்' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆக, பிறந்த ஊர் எது என்பதிலேயே வழக்கு.

அதற்கப்புறம் அது போகாத இடம் இல்லை. அயர்லாந்தின் பிடில்காரர்கள் அதைப் போல்கா என்றும் ரீல் என்றும் வாசித்தார்கள். பட்டாளத்துப் புல்லாங்குழல்காரர்கள் அணிநடைக்கு ஊதினார்கள். 1899 டிசம்பரில் ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனில், வில்லியம் கிம்பர் வாசித்த ஐந்து கிராமிய நாட்டிய மெட்டுக்களை செசில் ஷார்ப் எழுதிக்கொண்டார். அவற்றில் ஒன்று இதே மெட்டு. அங்கே அதன் பெயர் மாறியிருந்தது. மாலோ, தேம்ஸ் நதிக்கரை மார்லோ ஆகிவிட்டது! வாய் தவறினாலும் ஊர் கிடைத்துவிடுகிறது. 1952-ல் ஜான் போர்டு எடுத்த 'தி கொயட் மேன்' படத்திலும் இந்த மெட்டைக் கேட்கலாம்.

நம் பக்கத்துக் கிளை மணலியில் முளைத்தது. தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே குடியேறியிருந்தார். கம்பெனிக் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வாய்ப்பும் இருந்தது. தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அந்த வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணா மெட்டுக்களைக் கொண்டுவந்தார். இங்கிலாந்து அரசரின் வாழ்த்துப் பாட்டுக்கூட சியாமளாதேவியின் பேரில் துதியாயிற்று. இவற்றுக்கு நோட்டு ஸ்வர சாகித்தியம் என்று பெயர். சுமார் 40 உருப்படிகள், எல்லாம் சங்கராபரணம். 1905-ல் சுப்பராம தீட்சிதர் ஆரம்பப் பாடப் புத்தகத்தில் இவற்றை அச்சிட்டார். குழந்தைப் பாட்டு என்ற முத்திரை அதோடு ஒட்டிக்கொண்டது.

'வந்தே மீனாக்ஷி'யைக் கவனித்துப் பாடிப் பாருங்கள். ஸட்ஜமும் காந்தாரமுமாக மாறி மாறித் தாவுகிற மெட்டு. பிறகு ஒரு படி இறங்கி, நிஷாதமும் ரிஷபமுமாக அதே தாவல். இப்படிப்பட்ட மெட்டில் வார்த்தை வைப்பது அபாயம். ஸ்வரத்துக்கு ஓர் அசை விழுந்தால் சொல் சிதறிப்போகும். தீட்சிதர் நெடில்களைத் தாவலின் மேல் நிறுத்திவைத்திருக்கிறார். மெட்டு குதிக்கிறது, சொல் குதிக்கவில்லை. ஊதாரித்தனம் எங்கோ போய், விளையாட்டு மட்டும் மிஞ்சுகிறது. இது குழந்தை வேலை இல்லை.

இந்த இடத்தில்தான் இன்றைய பாடகர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல். சிலர் இதற்குக் கமகம் பூசுகிறார்கள். காந்தாரத்தை அசைத்தால் சங்கராபரணம் வந்துவிடும், உண்மைதான். மெட்டு செத்துப்போகும். தீட்சிதருக்குக் கமகம் தெரியாதா? வேண்டாம் என்று விட்டவர் அவர். விருந்தாளியை அவன் சட்டையோடு உட்காரவைத்துச் சாதம் போட்டார். நாம் அவனுக்கு வேஷ்டி கட்டிவிடப் பார்க்கிறோம்.

எங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் இன்னொரு விஷயமும் படும். அதே கம்பெனிப் பட்டாளம் 1805 நவம்பரில் சிப்பாய்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. திருநீறு, நாமம், கடுக்கன் கூடாது. தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 ஜூலை 10-ந் தேதி விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடிற்று. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து எழுச்சியை அடக்கிய கில்லஸ்பி, கவுண்டி டவுனில் பிறந்த அயர்லாந்துக்காரர். அயர்லாந்து இங்கே மெட்டாகவும் வந்தது, வாளாகவும் வந்தது.

தோல் என்பதால் மட்டும் வந்த கோபமா அது? மாட்டுத் தோல் கட்டிய மிருதங்கம் கோயிலுக்குள் முழங்குகிற நாடு இது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைப் பதனிட்டே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. சிப்பாய் மறுத்தது உத்தரவை. தன் நெற்றியும் தலையும் தன்னுடையவை அல்ல என்ற சேதியை. தீட்சிதருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. கேட்டார், பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். எடுத்ததை மறைக்கவும் இல்லை. தன் குருகுஹ முத்திரை போட்ட இடத்திலும் மெட்டை வெளிநாட்டு மெட்டாகவே ஒலிக்கவிட்டார்.

அதனால்தான் வெட்கமும் பெருமையும் இரண்டுமே தப்பு என்கிறேன். வெட்கப்படுகிறவர் இரவலை அடிமைத்தனமாக நினைக்கிறார். பெருமைப்படுகிறவர் அதை ஜெயமாக நினைக்கிறார். மாலோ, மார்லோ, மணலி ஆகிய மூன்று இடத்திலும் மெட்டு ஒருவருக்கும் சொந்தமாகாமல் எல்லாருக்கும் பயன்பட்டிருக்கிறது. வாணியம்பாடிக் கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட்டுக்காரர் சினிமாப் பாட்டை ஊதும்போது, இது யார் மெட்டு என்று மாப்பிள்ளை கேட்பதில்லை. நன்றாக ஊதுகிறாரா என்றுதான் காது கேட்கிறது. விமர்சகனின் காதுக்கும் அந்தக் கேள்வி போதும். 'வந்தே மீனாக்ஷி'யைக் கச்சேரியின் நடுவில், கமகம் பூசாமல், அதன் துள்ளலோடு ஒருவர் தைரியமாகப் பாடட்டும். தீட்சிதரின் யானை அதனால் மெலிந்துவிடாது.