பாதையில் தொலையும் தமிழ்

மூணாறு, தேவிகுளம் பக்கமும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கணினிகளுக்குக் கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு சார்ந்த லினக்ஸைத் தருகிறது. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி 2017இல் கைட் ஆன திட்டம் இது. இத்தகைய லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் '/யுஎஸ்ஆர்' என்ற முழுப்பாதையைத் தம் வீடாகக் கொண்டு தொகுக்கப்பட்டவை.

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பில் குறை சொல்வது நியாயமில்லை. எந்தக் கோப்பு எந்தப் பொதியுடையது என்று பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி சரியாகச் சொல்வதும், ஒரு பள்ளியில் கண்ட பிழையை இன்னொரு பள்ளியில் அதே இடத்தில் திருத்த முடிவதும் இதனால்தான். பாதுகாப்பும் உண்டு, இடத்தைப் பொறுத்துத் தேடுவதில் ஆபத்து இருந்திருக்கிறது. நிரல் இருக்கும் இடத்தைக் கொண்டு நூலகங்களைத் தேடும் 'ஆரிஜின்' வசதியை லினக்ஸின் அடிப்படை சி நூலகமான கிளிப்ஸி கையாண்ட விதத்தில் 2010இல் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் அதன் வழியே ரூட் அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது.

சிக்கல் வருவது நிரலை இடம் மாற்றும்போது.

மூலநிரலை இறக்கி வழக்கப்படி தொகுத்தால் அது '/யுஎஸ்ஆர்/லோக்கல்' என்ற இடத்துக்கென்று அமையும். தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு அதற்குள் 'ஷேர்/லொக்கேல்/டிஏ' கோப்புறையில் போய் உட்காரும். அந்த முகவரி நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். நிர்வாகி அனுமதி இல்லாத வேறொரு கணினியில் இப்படி நிறுவியதை முழுதாகப் பென்டிரைவிலிருந்து வீட்டுக் கோப்புறைக்குள் போட்டால், நிரல் பெரும்பாலும் திறக்கும். ஆனால் மெனு முழுக்க ஆங்கிலம். மொழிபெயர்ப்பை எடுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட் நூலகம் பழைய முகவரியில் தேடுகிறது, கிடைக்கவில்லை, மூல ஆங்கிலச் சொல்லையே திருப்பித் தருகிறது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இது கண்ணிலேயே படாது. ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைக்குத்தான் இழப்பு. தமிழாக்கம் செய்தவரின் உழைப்பும் வட்டில் கிடந்தபடியே வீணாகிறது.

இதில் தொகுப்புக் கருவிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவற்றுள் ஒன்றான சிமேக்கில், கோப்பு சேருமிடத்தை நிரலாளர் முழுப்பாதையாக எழுதினால், பயனர் தரும் நிறுவல் முன்னொட்டு, அதாவது நிறுவலுக்கான அடிப்பாதை, அந்தக் கோப்புக்குப் பொருந்தாது. அப்படி எழுதியிருந்தால் நிறுவலையே நிறுத்திவிடும் அமைப்பும் சிமேக்கிலேயே இருக்கிறது. நிறுவும்போது 'டெஸ்ட்டிர்' என்ற மாறியைக் கொடுத்தால் கோப்புகள் தற்காலிகமாக வேறிடத்தில் இறங்கும். உள்ளே பதிந்த முகவரி மாறாது. அது பொதி கட்டுபவர்களுக்கான வசதி, இடமாற்றத்துக்கானதல்ல.

இடமாற்றத்துக்கும் வழி உண்டு. குனு கெட்டெக்ஸ்டையே இடம் மாற்றினாலும் ஓடும்படி தொகுக்கலாம். அதற்கான நிரல்துண்டுகள் குனுலிப் என்ற குனு நிரல் தொகுப்பில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரல்களுக்கு முழுப்பாதையே இருக்கட்டும். பள்ளிப்பிள்ளை திறக்கும் வரைபலகைக்கும் கணித விளையாட்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. வெளியீட்டுக்கு முன் அவற்றை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி, மொழியைத் தமிழுக்கு மாற்றித் திறந்து பார்ப்பதைச் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.