எஃகுத் தகட்டில் இளவேனில்

அழகாயிருக்கிறது என்பதற்காகவே ஒரு படம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா? ஆகாது, தோழர்களே! கண்ணைக் கவர்வதைக் கருத்தாலும் அளப்பதே பகுத்தறிவாளன் கடன்.

ஜான் கான்ஸ்டபிள், 1776-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓர் ஆலை உரிமையாளரின் மகனாய்ப் பிறந்த ஓவியர். அவர் ஓவியங்களை டேவிட் லூகாஸ் எஃகுத் தகடுகளில் உருவாக்க, 1830 முதல் 1832 வரை 'ஆங்கில நிலக்காட்சி' எனும் அச்சுப்படத் தொகுதி வெளிவந்தது. அதில் ஒன்று 'இளவேனில்'. பரந்த வெளி, குதிரை பூட்டி உழும் உழவன், ஒரு காற்றாலை, ஆலங்கட்டி மழையைச் சுமந்து விரையும் முகில்கள்.

பாராட்டத்தக்கதை முதலில் பாராட்டுவோம். இங்கே வானவர் இல்லை, வனதேவதை இல்லை. ஏரும் ஆலையுமே காட்சி. 1821, 1822 ஆண்டுகளில் வானத்தை வரைந்து, நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்து வைத்தவர் கான்ஸ்டபிள். ஓவியமும் ஓர் அறிவியலே என்று 1836-இல் மேடையேறி உரைத்தவர். முகிலைக் கடவுளின் திருவிளையாடலாகக் கொள்ளாமல், இயற்கையின் இயக்கமாகக் கண்ட கண் அது!

அந்தக் கண் உழவனை எப்படிக் கண்டது?

படத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தில் முகில்களின் போக்கு விரிவாகப் பேசப்படுகிறது. உழவனின் கூலி பேசப்படவில்லை. சஃபோக்கில் இரவுதோறும் தீ தெரிகிறது என்று 1822-இல் தம் நண்பருக்கு எழுதியவரும் அவரே. தொகுதி வெளிவரத் தொடங்கிய 1830-இலேயே, கெண்டில் மூண்டது கிளர்ச்சி. பொதுநிலம் வேலிக்குள் போயிற்று. குளிர்கால வேலையைக் கதிரடிக்கும் பொறி பறித்தது. பசித்தவர் பொறியை உடைத்தனர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் கடல்கடத்தப்பட்டனர். இந்தப் புயலின் சிறு நிழலேனும் 'இளவேனி'லில் உண்டா? இல்லை!

இந்த அச்சுக்கலையின் முறையையே பாருங்கள். முதலில் தகடு முழுவதும் பல்லுள்ள கருவியால் சொரசொரப்பாக்கப்படும். அப்படியே மையிட்டு அச்சடித்தால் தாள் முழுதும் காரிருள். சுரண்டி மெருகிட்ட இடத்தில் மட்டுமே வெளிச்சம். ஆக, ஒளி தானே வருவதில்லை. எங்கே சுரண்டுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார், ஒருவர் உழைத்துச் சுரண்டுகிறார். முகிலின் விளிம்புக்கு ஒளி கிடைத்தது. உழவன் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

சுரண்டிய கைக்கு என்ன கிடைத்தது? எஃகிலிருந்து ஒளியை எடுத்த லூகாஸ், 1881-இல் இலண்டன் ஃபுல்ஹாமில், ஏழைகளை அடைத்துவைத்த வேலைவிடுதியில் இறந்தார். அவர் செதுக்கிய படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

படத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை, தோழர்களே. பாருங்கள், வியந்தே பாருங்கள். முகிலைப் பார்த்து முடித்தபின், கீழே குனிந்து உழுகிறவனையும் ஒருமுறை பாருங்கள். அவன் உழும் நிலம் யாருடையது என்று கேளுங்கள். ஓவியர் கேளாத கேள்வியை நாம் கேட்போம்!