இரண்டு பட்டியல்களில் இருபத்தொரு பெயர்கள்

2023 மே 11 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் ஓர் அறிவிப்பு செய்தார். 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் ஐஎஸ் ஆட்கள் கழுத்தறுத்துக் கொன்ற 21 பேர் இனி உரோமைத் திருச்சபையின் மறைசாட்சியர் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள் என்றார். கோப்திக் திருச்சபையின் தலைவர் இரண்டாம் தவாத்ரோஸ் அப்போது உடன் இருந்தார்.

செய்தியாகப் பார்த்தால் நாலு வரிதான். ஆனால் அந்த 21 பேரில் 20 பேர் கத்தோலிக்கர்கள் இல்லை, எகிப்தின் கோப்திக் மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கி.பி. 451இல் கால்சிதோனில் கூடிய சங்கத்தில், கிறிஸ்துவின் இயல்பை எப்படிச் சொல்வது என்ற தகராறில் இரண்டு சபைகளும் பிரிந்தன. அந்தப் பிரிவு இன்னும் முழுசாகத் தீரவில்லை. இரு சபையினரும் ஒரே பீடத்தில் சேர்ந்து நற்கருணை வாங்குவதில்லை. அப்படியிருக்க, அடுத்த வீட்டுப் புனிதரை நம்ம வீட்டுப் பட்டியலில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

இந்தக் கேள்வியோடுதான் மார்ட்டின் மோசபாக் எழுதிய ‘21’ என்ற நூலை வாசித்தேன். ஜெர்மனில் 2018இல் வந்தது. நான் வாசித்தது அடுத்த ஆண்டு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை. மோசபாக் நாவலாசிரியர், பியூஷ்னர் விருது பெற்றவர், பழைய லத்தீன் வழிபாட்டை விட்டுக்கொடுக்காத கத்தோலிக்கர். அப்படிப்பட்டவர் கோப்திக் புனிதர்களைத் தேடி எகிப்துக்குப் போகிறார். ரோம் 2023இல் செய்ததை இந்த நூல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது என்று சொல்லலாம். அதனால்தான் நூலைக் கொஞ்சம் கறாராகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறர் புனிதரை ஏற்றுக்கொள்வதில் இரண்டு வழிகள் உண்டு. அவரை நம்மவராக மாற்றிவிட்டு வணங்குவது ஒன்று. அவர் அவராகவே இருக்க விட்டு வணங்குவது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம்.

முதல் வழிக்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் நம் பக்கத்திலிருந்து போனது. ஓர் அரசகுமாரன் நோயையும் முதுமையையும் சாவையும் கண்டு அரண்மனையைத் துறக்கிறான். புத்தரின் இந்தக் கதை பாரசீகம், அரபு வழியாக ஜார்ஜிய மொழிக்குப் போய்க் கிறிஸ்தவக் கதையானது. அதோஸ் மலையில் இருந்த யூத்திமியுஸ் என்ற ஜார்ஜியத் துறவி அதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. போதிசத்துவர் என்ற சொல் அரபியில் பூதாசஃப் ஆகி, எழுத்தின் கீழே ஒரு புள்ளி கூடியதில் யூதாசஃப் ஆகி, கடைசியில் ஜோசபாத் ஆனது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் பட்டியலில் நவம்பர் 27க்கு நேரே புனித ஜோசபாத் ஏறிவிட்டார். கீழைத் திருச்சபை வழியாக மேலைத் திருச்சபைக்கு வந்த இந்தியப் புனிதர். அந்தக் கதைக்குள் ஓர் உவமை வரும்: விலங்கு துரத்த, பள்ளத்தில் தொங்கிக்கொண்டு, சொட்டும் தேனை நக்குகிற மனிதன். அதே மனிதன் நம் சூளாமணியிலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறான். உவமை அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. புத்தரின் பெயர்தான் வழியில் தொலைந்தது. இப்போதைய உரோமைப் பட்டியலில் ஜோசபாத் இல்லை.

பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் இருக்கிறார். அவர் சங்கமங்கையில் பிறந்து, காஞ்சியில் பௌத்தராகி, பிறகு சிவனே பொருள் என்று தெளிந்தவர். ஆனால் காவி உடையை மாற்றவில்லை. தினமும் லிங்கத்தின் மேல் ஒரு கல் எறிவார், அதுதான் அவருடைய பூசை. சைவம் அவரை அந்த உடையோடும் அந்தப் பெயரோடும் 63 பேரில் உட்காரவைத்தது. இது ஜோசபாத் கதையைவிடப் பல மடங்கு பெருந்தன்மையானது. ஆனாலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: உடை பௌத்தமாக இருக்கலாம், உள்ளம் சைவமாகியிருக்க வேண்டும்.

2023இல் ரோம் செய்தது இதையும் தாண்டியது. உள்ளமும் கோப்திக்காகவே இருக்கட்டும் என்றது. பிரான்சிஸ் தம் அறிவிப்பிலேயே தவாத்ரோஸின் இசைவோடு இதைச் செய்வதாகச் சொன்னார். எனக்கு அந்த ஒரு சொல்தான் முக்கியம். அனுமதி கேட்கிறோம் என்றால் பொருள் இன்னொருவருடையது என்று ஒப்புக்கொள்கிறோம். புத்தரைச் சேர்த்தபோது யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இது ஒருநாள் அதிசயமும் இல்லை. 2015 ஏப்ரலில் ஆர்மேனியத் துறவியும் கவிஞருமான நாரேக் கிரிகோரியைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று பிரான்சிஸ் அறிவித்தார். 10ஆம் நூற்றாண்டில், ரோமோடு உறவில் இல்லாத ஒரு திருச்சபையில் வாழ்ந்து 95 மன்றாட்டுகள் எழுதியவர் அவர். கத்தோலிக்கம் 36 பேருக்கு மட்டுமே அதுவரை கொடுத்திருந்த பட்டம் அது, அவரையும் சேர்த்து.

மோசபாக் எந்த வழியில் போகிறார்? முதல் பாதியில் நல்ல வழியில்தான். கொல்லப்பட்டவர்களில் 13 பேருடைய ஊரான எல்-அவருக்குப் போகிறார். வீடு வீடாக உட்காருகிறார். சுவரில் மகன்களின் படங்கள், தலையில் மகுடம் ஒட்டிய படங்கள். கொலைக் காணொளியைக் குடும்பத்தினர் ஐபேடில் அவருக்கே காட்டுகிறார்கள். அழுகையை எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைப்பது பெருமிதம். நம் வீட்டிலிருந்து ஒரு புனிதர் போயிருக்கிறார் என்கிற பெருமிதம். மோசபாக் அதைக் கேலி செய்வதில்லை, மனநோய் என்று விளக்குவதுமில்லை. தனக்குப் புரியாத இடத்தில் புரியாமலே நிற்கிறார். நூலில் எனக்குப் பிடித்த பக்கங்கள் இவைதான்.

பிறகு நூல் மெல்ல நழுவுகிறது. எல்-அவர் ஓர் ஊராக இருப்பதை நிறுத்தி, ஆதிக் கிறிஸ்தவத்தின் கண்ணாடிப் பெட்டியாகிறது. மேலைத் திருச்சபை தொலைத்துவிட்டதாக அவர் நினைக்கும் எல்லாமே இங்கே பத்திரமாக இருக்கிறது: பழைய வழிபாடு, சந்தேகம் இல்லாத நம்பிக்கை, ஏழ்மை. அந்த ஏழ்மையை அவர் ரசிக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. இது ஜோசபாத் வேலைதான், கொஞ்சம் நாகரிகமாக. பெயரை மாற்றவில்லை, ஆனால் தன் வீட்டுச் சண்டைக்கு அவர்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்.

அதனால் விடுபடுவது என்ன? அவர்கள் ஏன் லிபியாவில் இருந்தார்கள் என்ற கேள்வி. பதில் எளிமையானது: வேலைக்கு, பெரும்பாலும் கட்டட வேலைக்கு. ஊரில் கூலி போதவில்லை, எல்லை தாண்டினால் கொஞ்சம் கூடுதல். ஆபத்து தெரியும், இருந்தும் போனார்கள். நூலில் இந்த விஷயம் வருகிறது, ஆனால் போகிற போக்கில் வருகிறது. காஹாங்கில் செம்பனை ஆலையில் பொறியாளராக வேலை பார்க்கிற எனக்கு அதைப் போகிற போக்கில் வாசிக்க முடியவில்லை. எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். மாசக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற வரிசையில் அவர்கள் நிற்பதைப் பார்த்தால், எல்-அவரின் மகன்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றும்.

எங்கள் கதையும் அதுவே. தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கஞ்சனாபுரியில் நேச நாட்டு வீரர்களின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்களில்தான் அவர்கள் கொஞ்சமாவது ஆட்களாக நிற்கிறார்கள். அவர்களைப் புனிதர் ஆக்கச் சொல்லவில்லை. கூலிக்காரன் செத்தால் எண்ணிக்கைதான் மிஞ்சும், பெயர் மிஞ்சாது என்பதுதான் உலக வழக்கம். இந்த 21 பேர் விஷயத்தில் அந்த வழக்கம் உடைந்தது. முதலில் கோப்திக் பட்டியலில், பிறகு ரோமின் பட்டியலில், கட்டட வேலைக்காரர்களின் பெயர்கள் அரசர்கள், ஆயர்களின் பெயர்களோடு ஏறியிருக்கின்றன. இந்தச் சேதியின் உண்மையான கனம் எனக்கு இங்கேதான் தெரிந்தது.

சரி, நூலை வாசிக்கலாமா? கட்டாயம் வாசிக்கலாம். மேலைத் திருச்சபை மேல் மோசபாக்குக்கு உள்ள கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாசியுங்கள். அதிலும் 21ஆம் ஆளிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேத்யூ அயரிகா, கானா நாட்டுக்காரர், கோப்திக் சபையில் பிறந்தவர் இல்லை. அவரும் வேலை தேடி வந்தவர், மற்ற 20 பேரோடு மண்டியிட்டவர். கொலை நடந்த சில நாட்களிலேயே தவாத்ரோஸ் 21 பேரையும் மறைசாட்சிகளாக அறிவித்தபோது அவரைத் தனியாகப் பிரித்துவைக்கவில்லை. 20 பேரின் உடல்கள் 2018இல் எகிப்து திரும்பின. மேத்யூவின் உடல் 2020இல்தான் வந்தது, அதுவும் அவர்களோடு சேர்ந்தது. பெயரையும் ஊரையும் மாற்றாமல், அந்நியரை அந்நியராகவே பட்டியலில் சேர்ப்பதை முதலில் செய்துகாட்டியது ரோம் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கோப்திக்குகள் அதைச் செய்துவிட்டார்கள்.