பழைய சிந்தசைசருக்குப் புதிய ஐசி: தகுமா?

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். அந்த இயந்திரத்தின் சிப்பில் நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் மாற்ற முடியாது. தேர்தலுக்கு அந்தப் பூட்டு பாதுகாப்பு. சிந்தசைசர் போன்ற மின்னணு இசைக்கருவிக்கு அதுவே கேடு: நிரல் பூட்டிய ஐசி, அதாவது சிப், போனால் கருவியும் ஊமையாகிறது. வேறு ஐசி பொருத்தினால் அது பழைய கருவிதானா என்ற ஐயமும் எழுகிறது.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் இதற்கு நல்ல சோதனைக்களம். அதன் தலைமைச் செயலி ஹிட்டாச்சி 6303 குடும்பம். நிரல் தனி ரோம் சிப்பில் இருக்கிறது. துணைச் செயலியோ 6805 வகை. நிரல் தொழிற்சாலையிலேயே அதற்குள் பதிந்தது. அதே எண்ணுள்ள வெற்று ஐசியை வாங்கி வைத்தால் வேலை செய்யாது.

மாற்றுவதற்கு மூன்று வழிகள். முதலாவது, இன்னொரு டிஎக்ஸ்7இலிருந்து ஐசியைக் கழற்றுவது. நிரல் அசல்தான், ஆனால் ஐசிக்கும் அதே வயது, ஒரு கருவி பிழைக்க மற்றொன்று சாகிறது. இரண்டாவது, அசல் நிரலைப் படியெடுத்துப் புதிய சிப்பில் ஏற்றுவது. மூன்றாவது, அதே வேலைக்குப் புது நிரல் எழுதுவது. இதில்தான் ஆபத்து அதிகம். துணைச் செயலி ஒலியை உண்டாக்குவதில்லை. ஆனால் கட்டையின் இரு தொடுபுள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, விரலின் வேகத்தைக் கணிக்கிறது. டிஎக்ஸ்7இல் அந்த வேகம் ஒலியின் கூர்மையையே மாற்றும். கணக்கு சற்றுப் பிசகினாலும் வாசிப்பவரின் விரல் வேறொரு கருவியைத் தொடுகிறது.

அசல் நிரலைத் தொடுவது திருட்டு என்பாருக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதில் சொல்கிறது: நிரலை முறைப்படி வைத்திருப்பவர், அழிவுக்கும் சேதத்துக்கும் தற்காலிகக் காப்பாக நகல் எடுக்கலாம். எடுத்த நகலை விற்பது வேறு கதை.

ஆகவே என் முடிவு இது. ஒரு கருவியின் அசல்தன்மை அதன் சிலிக்கானில் இல்லை, விரலுக்கு அது தரும் பதிலில் இருக்கிறது. அந்தப் பதில் மாறாதவரை புதிய ஐசி குறையல்ல. படியெடுத்த நிரலே முதல் தேர்வு; பழைய ஐசியை, வேறு காரணத்தால் தேறாத கருவியிலிருந்து மட்டுமே எடுக்கலாம்; புது நிரலை, வாசிப்பவர் தொட்டுப் பார்த்து ஒப்பினால் ஏற்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன், 5 வோல்ட் மின்சாரம், கடிகாரத் துடிப்பு, ரீசெட், உள்பேட்டரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்து, சேமித்த 32 ஒலிகள் அழிந்ததற்கு ஐசியைக் குற்றம் சொல்லக் கூடாது.

படியெடுப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது: நிரலை மின்னூட்டமாகச் சேமிக்கும் ஈப்ரோம் வகை சிப்பில் அந்த மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ மெல்லிசைக் குழுவில் வாசித்த பழைய சிந்தசைசர் உங்கள் பரணில் கிடந்தால், அது இயங்கும்போதே நிரலைப் படியெடுத்து வையுங்கள். திருச்சி என்.ஐ.டி. மாணவர்கள் இதை ஒரு பணியாக ஏற்றால் பல கருவிகள் பிழைக்கும்.